மூன்று முறை திரும்பி வந்த முன்பல்

மூன்றாவது தடவையும் பல் திரும்பி வந்தது. இந்த முறை டப்பாவின் மூடியில் அண்ணியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "இது பல்லா, சாக்பீஸா? டாக்டர் கேட்கச் சொன்னார்."

டாக்டர் வேறு யாருமில்லை, அந்தப் பல்லைச் செய்தவளின் கூடப்பிறந்த அண்ணன்தான். இரண்டு தெரு தள்ளிப் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தான். அண்ணி அங்கே முன்மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள், போனை எடுப்பாள், அண்ணன் நேரில் சொல்லத் தயங்குவதைச் சீட்டில் எழுதி அனுப்புவாள். இவளுக்குப் பல் செய்கிற வேலை. உடைந்த பல்லின் மேல் அண்ணன் மாட்டுகிற கேப்புகளைப் பீங்கான் மாவில் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சின்ன மின்சூளையில் சுட்டெடுப்பாள். மாடியில் அவள் லேப் வைத்திருந்த கட்டடத்தில் அவளுக்குப் பல்லுக்காரி என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

நோயாளியை அவள் பார்ப்பதில்லை. அண்ணன் வாயைப் படம் பிடித்து, தன் கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருத்தி அனுப்புவான். பக்கத்துப் பல் என்ன நிறம் என்று அவள் தன் மானிட்டரில் பார்த்து, அதற்குத் தக்கபடி மாவைக் கலப்பாள். ஏழு வருஷமாக இப்படித்தான் ஓடியது. நிறம் ஒத்துவரவில்லை என்று அந்த ஏழு வருஷத்தில் திரும்பியவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுடைய மானிட்டர் உயிரை விட்டது. புதிது வாங்கினாள். கீழ்த்தளத்து அச்சகக்காரர், படங்களை நிறம் மாறாமல் அச்சடிக்க வைத்திருந்த கருவியைக் கொண்டுவந்து திரையின் மேல் தொங்கவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று திரை ஒவ்வொன்றாகக் காட்ட, கருவி அளந்து அளந்து நிறத்தைச் சரிசெய்தது.

"இனிமே இதுல வெள்ளைன்னா வெள்ளைதான்மா. கண்ணைத் திறந்துக்கிட்டே நம்பலாம்," என்றார்.

அந்த வாரத்திலிருந்துதான் பற்கள் திரும்ப ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: வெள்ளை. அடுத்தடுத்து நாலு பேருடையது வந்தது. இந்த முன்பல் ஒரு டீச்சருடையது, இதோடு மூன்று தடவை.

சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். அண்ணன்தான் பேசினான்.

"நீ அனுப்பின படத்துல பல்லு அந்த வெள்ளைதான்," என்றாள். "உன் மானிட்டர்ல ஏதோ கோளாறு. ஒருதடவை அளந்து பாத்துடலாம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"அண்ணா..."

"என்ன நொண்ணா? ஏழு வருஷமா என் மானிட்டர் நல்லாத்தானே இருந்துச்சு? நீ புது ஸ்கிரீன் வாங்கின அன்னிக்கு அதுக்குத் திடீர்னு சீக்கு வந்துடுச்சா? மாத்தினது யாரு, நானா நீயா?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"டீச்சர் பதினோரு மணிக்கு வர்றாங்க," என்றான். "உன்னால முடியலன்னு சொல்லி வேற லேபுக்கு அனுப்பப் போறேன்."

அவள் அச்சகக்காரரிடம் கருவியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். கூடவே ஷேடு கார்டையும் எடுத்துக்கொண்டாள். வெளிர்மஞ்சளிலிருந்து பழுப்பு வரை பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகியிருக்கும் பட்டை அது. படம் எடுக்கும்போது பல்லுக்குப் பக்கத்தில் அதில் ஒன்றைப் பிடித்து எடுப்பதுதான் முறை. அண்ணனுக்கு அது எப்போதோ விட்டுப்போயிருந்தது. "என் கண்ணே எனக்கு ஷேடு கார்டு" என்பான்.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி எழுந்து நின்றாள். "உள்ள பேஷன்ட் இருக்காங்க."

"தெரியும் அண்ணி. என் பல்லுதான் அவங்க வாயில இல்லாம இருக்கு."

நாற்காலியில் டீச்சர் சாய்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இவள் யாரென்று தெரிந்ததும் வாயிலிருந்த பஞ்சைத் துப்பினார்.

"ஓ, நீங்கதானா? மூணு வாரமா வாயைப் பொத்திக்கிட்டே பாடம் நடத்தறேன். பசங்க போர்டைப் பாக்கறதில்ல, என் வாயைத்தான் பாக்கறானுங்க. நீங்க பல்லு செய்யறீங்களா, இல்ல சுவத்துக்கு வெள்ளையடிக்கறீங்களா?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர். ஒரு நிமிஷம் ஜன்னல்கிட்ட வாங்க."

"என் பேஷன்ட்டை எங்க கூப்பிடற?" என்றான் அண்ணன். முகக்கவசத்துக்கு மேல் கண் இரண்டும் சிவந்திருந்தன.

நோயாளிகள் முன்னால் அவனை நீங்க என்றுதான் பேச வேண்டும் என்று பல வருஷத்துக்கு முன்பே அவன் சொல்லியிருந்தான். "வெளிச்சத்துல பாக்கணும், டாக்டர். நீங்களும் வாங்க," என்றாள்.

டீச்சர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். பகல் வெளிச்சத்தில் பதினாறையும் ஒவ்வொன்றாகப் பக்கத்துப் பல்லோடு வைத்துப் பார்த்தாள். ஆறாவது பொருந்தியது. தேநீர் குடிக்கிறவர்களின் பல் நிறம், லேசான பழுப்பு. மூன்று முறையும் தான் சுட்டனுப்பியது இதைவிட நாலு படி வெளுப்பு என்று அவளுக்கு அங்கேயே தெரிந்தது.

"இதையும் சேத்து ஒரு படம் எடுங்க."

அண்ணன் மறுத்திருப்பான். ஆனால் டீச்சர் அந்த மாதிரிப் பல்லைத் தானே வாங்கித் தன் பல்லோடு பிடித்துக்கொண்டு, "ம், எடுங்க" என்று வாயைத் திறந்துவிட்டார். எடுத்தான். படம் மேஜை மேலிருந்த திரையில் வந்தது.

டீச்சர் கையிலிருந்ததைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பரீட்சைத் தாளில் தப்பைக் கண்டுபிடித்த முகம் வந்தது. "என்ன டாக்டர், கையில இருக்கறது ஒண்ணு, இதுல தெரியறது ஒண்ணு? இதுல ஒரேயடியா மஞ்சளா இருக்கே."

"கேமரால எப்பவும் கொஞ்சம் மஞ்சள் தூக்கும். நான் குறைச்சுடுவேன்," என்று மவுஸை நகர்த்தி மஞ்சளைக் குறைத்தான். திரையில் பல் கையிலிருந்தது போலவே ஆனது. "இதோ. இப்படிச் சரிபண்ணித்தான் அனுப்பறேன்."

அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. கேட்காமலே கருவியைக் கம்ப்யூட்டரில் சொருகித் திரையில் தொங்கவிட்டாள். அவன் "கை வைக்காத" என்று சொல்லி முடிப்பதற்குள் நிறங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அளந்து முடிய ஐந்து நிமிஷம் ஆனது. அண்ணி கதவோரம் வந்து நின்றாள். முடிந்ததும் திரை பளிச்சென்று மாறியது. அண்ணன் திருத்தி வைத்திருந்த பல், அத்தனை பேர் கண் முன்னாலும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. திருத்தாத படத்தைத் திறந்தாள். கையிலிருந்ததும் திரையிலிருந்ததும் ஒன்றாக இருந்தன.

"கேமரா நல்லாத்தான் எடுக்குது," என்றாள். "உங்க மானிட்டர்தான் பழசாகி மஞ்சளடிச்சுப் போச்சு. அது காட்டற மஞ்சளைப் படத்துலேருந்து குறைக்கறீங்க. என் பழைய மானிட்டரும் உங்களோட ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கினதுதான். அதுவும் இதே மாதிரி மஞ்சளடிச்சிருக்கும். நீங்க வெளுக்க வெச்சதை அது மறுபடி மஞ்சளாக்கி எனக்குக் காட்டிடுச்சு. அதனாலதான் இத்தனை நாள் பொருந்துச்சு. ரெண்டு பேருமே சேர்ந்து தப்பாப் பாத்திருக்கோம்."

"பாத்தியா, அவ வாயாலேயே வருது," என்று அண்ணன் அண்ணியிடம் திரும்பினான். "தப்பாப் பாத்தேன்னு ஒத்துக்கறா."

"ரெண்டு பேரும்னு சொன்னேன்."

"எனக்குக் காது கேக்குது." அவன் கருவியைப் பிடுங்கி மேஜையில் போட்டான். மவுஸை நாலு தட்டுத் தட்டினான். திரை பழையபடி மங்கி மஞ்சளானது. "இதுதான் எனக்குப் பழகின நிறம். நேத்து வந்த மெஷினை நம்பி இருபது வருஷக் கண்ணை நான் மாத்திக்க முடியாது. என் பேஷன்ட் முன்னாடி எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

"பாடம் எடுக்க நான் வரல. பாடம் எடுக்கறவங்க மூணு வாரமா வாயைப் பொத்திக்கிட்டு அலையறாங்க, அதுக்காக வந்தேன். உனக்கு உன் கௌரவம்தான் பெருசு!"

நீங்க நீயாகிவிட்டது. அதை யாருமே சரிசெய்யவில்லை.

"வெளிய போ," என்றான்.

அவள் கருவியைப் பையில் போட்டுக்கொண்டாள். டீச்சரிடமிருந்த மாதிரிப் பல்லை வாங்கிப் பட்டையில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"ஆறாம் நம்பர்," என்றார் டீச்சர், வாசல் வரை பின்னால் வந்து. "எழுதி வெச்சுக்குங்க. நாலாவது தடவை வெள்ளையா வந்துச்சுன்னா உங்க ரெண்டு பேரையும் பெஞ்சு மேல ஏத்திடுவேன்."

நாலாவது பல் பொருந்தியது. அண்ணன் அதை மாட்டினான், நன்றாகவே மாட்டினான். ஆனால் அதோடு அவளுக்கு வேலை அனுப்புவதை நிறுத்தி, ஊருக்கு வெளியே ஒரு பெரிய லேபுக்கு மாறினான். அவளும் சும்மா இருக்கவில்லை. வேறு இரண்டு டாக்டர்களிடம் வேலை பிடித்தாள். பழகாத கையெழுத்து, பழகாத படங்கள். முதல் இரண்டு வாரம் திணறினாள்.

ஒன்றரை மாதம் கழித்து அண்ணியின் போன் வந்தது.

"அந்த லேபுலேருந்து வர்றதும் வெள்ளையா வருது," என்றாள். குசலம் விசாரிக்கவில்லை. "அவங்க ஆள் வந்து நேர்லயே சொல்லிட்டுப் போயிட்டாரு. படத்தைச் சரிபண்ணாம அப்படியே அனுப்புங்க சார்னு. மானிட்டரையும் மாத்திட்டோம்."

"நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"ரிப்பேர் ஆயிடுச்சு."

"அப்படியா? எப்படி ஆச்சு?"

"ரிப்பேர் ஆயிடுச்சுன்னு சொல்றேன்ல? நாளையிலேருந்து வேலை அனுப்பட்டுமா, வேணாமா?"

"அனுப்புங்க. ஒவ்வொரு படத்துலயும் பல்லு பக்கத்துல ஷேடு கார்டு இருக்கணும். இல்லாத படத்தை நான் திறக்கவே மாட்டேன்."

"நீ கண்டிஷன் போடற நிலைமைக்கு வந்தாச்சு," என்றாள் அண்ணி. ஆனாலும் மறுநாள் வந்த படத்தில் ஷேடு கார்டு இருந்தது.

வேலை திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. எல்லாம் அண்ணி வழியாகவே நடந்தது. ஒருநாள் மத்தியானம் அண்ணி ஏதோ வேலையாக வெளியே போயிருக்க, அண்ணனே மாடியேறி வந்தான். மூச்சு வாங்கியது. அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள், சொல்லவில்லை. மூன்று டப்பாக்களை எடுத்து மேஜை விளிம்பில் வைத்தாள்.

அவன் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"இது யாரோடது?"

"மேல எழுதியிருக்கு."

படித்தான். மூடியை அழுத்தி மூடி, மூன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவள் அடுத்த பல்லுக்கு மாவு குழைக்க உட்கார்ந்தாள்.