பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

பிரான்சில் நீஸ் என்ற அந்த ஊரில் கடல் இருக்கிறது, மணல் கிடையாது. வெறும் கூழாங்கல். அதன்மேல் துண்டை விரித்துப் படுத்து வெயில் காய்கிறார்கள். திருப்பூர் வெயிலுக்குப் பயந்து நிழல் பார்த்து நடந்தே பழகியவன் நான். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

2006 மே மாதம். எங்கள் பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமி, சரக்கு வாங்கும் பையரைப் பார்க்கப் போகும்போது, குவாலிட்டி பார்க்கும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனியே பொறாமைப்பட்டது. என் மனைவி சித்ராதேவி மட்டும் பெட்டிகூட அடுக்கித் தரவில்லை.

காரணம் உண்டு. அவளும் அதே கம்பெனியில்தான், தைத்து வந்த பீஸில் பிசகு பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். முந்தின வருடம், நீலக்கோடு பனியன் ஆர்டர் மொத்தமும் அவள் பார்க்காமல் விட்ட தையல் பிசகில் ரிஜெக்ட் ஆகிவிட்டதாகவும், திரும்பிவந்ததைத் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே வந்த விலைக்கு விற்றுத் தள்ளிவிட்டதாகவும் சொல்லி, நாற்பது பேர் முன்னால் முதலாளி அவளைத் துரத்தினார். அதன்பிறகு எந்தக் கம்பெனியும் அவளைச் செக்கிங்கில் சேர்க்கவில்லை. நானும் அன்று வீட்டுக்குப் போய், "கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கத்தினேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

கடற்கரைச் சாலையில் கண்ணாடி போட்ட ஒரு துணிக்கடைக்குள் முதலாளி நுழைந்தார். நானும் போனேன். அலமாரி நிறைய நீலக்கோடு பனியன்.

திருப்பூர்க்காரன் கைக்கு ஒரு வியாதி உண்டு. பனியனைக் கண்டால் விலையைப் பார்க்காது, உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்க்கும். திருப்பினேன். ஒரு பிசகும் இல்லை. பக்கத் தையலோரம், பேக்கிங்கில் பிய்க்க மறந்த சின்ன ஸ்டிக்கர். பதினேழு. பாஸ் ஆன பீஸில் செக்கர் ஒட்டும் நம்பர் அது. பதினேழு என் மனைவியின் நம்பர்.

அடுத்ததைத் திருப்பினேன். அதற்கடுத்ததையும். கடைக்காரி கத்திக்கொண்டு ஓடிவந்து வாசலைக் காட்டினாள்.

"மானத்த வாங்கறயே, பாண்டி! வெளிய வா," என்று முதலாளி என்னை இழுத்தார்.

தெருவில், பிய்த்துக்கொண்டு வந்த அந்த ஸ்டிக்கரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ரிஜெக்ட் ஆன சரக்குன்னீங்களே?"

அவர் முகத்தில் கூச்சமே இல்லை. "சரக்கெல்லாம் நல்லாத்தான் போச்சு. உம் பொண்டாட்டி, ஞாயித்துக்கெழமை வேலைக்கு வரமாட்டோம்னு கம்பெனிப் புள்ளைங்களையெல்லாம் சேத்துக்கிட்டா. அவள வெளிய அனுப்ப வேற என்ன பண்றது? மனசுல வெச்சுக்காத கண்ணு. வா, பையர் காத்திருக்காரு."

ஒரு கூழாங்கல்லை எடுத்து அவர் மண்டையில் போட வேண்டும் போல இருந்தது. போடவில்லை. பையரைப் பார்க்கவும் போகவில்லை. போன் கார்டு ஒன்று வாங்கி, கடலோரப் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அழுவாள் என்று நினைத்தேன். "ஊருக்கு வந்ததும் அந்தாள நாலு பேர் முன்னால நிக்க வச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அவரு கெடக்காரு," என்றாள் சித்ராதேவி. "நீங்க குவாலிட்டி பாக்குற ஆளுதான? ரிஜெக்ட் ஆன பீஸ் ஒண்ணயாவது காட்டுங்கன்னு அன்னைக்கு அவருகிட்டக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. அதைச் சொல்வதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.