நான்காம் எண்ணின் கை

1

இது என் சொந்தச் சரக்கு இல்லை. நியூசிலாந்தில், பக்குரங்கா பிளாசா என்ற கடை வளாகத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு சனிக்கிழமை, பக்கத்துக் காரிலிருந்து எனக்கு வந்தது. கண்ணாடியை இறக்கி, "அண்ணே, நீங்க கதை எழுதுவீங்கல்ல?" என்றான் அவன். தமிழ்ச் சங்கத்தில் இரண்டு முறை பார்த்த முகம். அப்படிக் கேட்பவர்களிடம் வழக்கமாக வீட்டு உரிமையாளருடன் நடந்த சண்டை ஒன்று தயாராக இருக்கும். நானும் கடைக்குள் போன மனைவிக்காகக் காத்திருந்தேன். சொல்லுங்க என்றேன்.

பெயரை மட்டும் மாற்றச் சொன்னான். மாற்றிவிட்டேன். அரவிந்த். அவன் வேலை செய்யும் சலவைக் கூடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவன் போய்வந்த சீன ஊரின் பெயரை மாற்றவில்லை. ஷென்ஜென் அவ்வளவு பெரிய ஊர். அதை மறைத்து யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

2

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

"ஷென்ஜென் தொழிற்சாலை வாசலில் நீலச் சட்டை போட்ட பெண்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணிலும் தூக்கம் இல்லை. அரவிந்துக்குத் தொண்டை—"

அடிக்காமல் இங்கேயே விட்டுவைக்கிறேன். நான் எவ்வளவு அவசரப்பட்டேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும். அம்மா கல் உடைத்து வளர்த்த பிள்ளை நான். தொழிற்சாலை என்றாலே எனக்கு முதலில் கண்ணுக்குத் தெரிவது குனிந்த முதுகுதான். காரில் அவன் சொல்லச் சொல்ல என் மனதுக்குள் அந்த முதுகுகள் வரிசையில் வந்து நின்றுவிட்டன.

"அங்க வேலை செய்யறவங்க நிலைமை எப்படி?" என்று இடையில் கேட்டேன்.

"யாருமே இல்லண்ணே," என்றான்.

3

சீனாவுக்கு முன்னால், கிளென்ஃபீல்டு பகுதியில் இருக்கும் அவன் சலவைக் கூடத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரி, முதியோர் இல்லத் துணிகளை வெளுத்து மடித்துக் கொடுக்கும் கூடம் அது. தட்டையான விரிப்புகளை உருளை இயந்திரமே தேய்த்து மடித்துவிடும். எலாஸ்டிக் வைத்த மெத்தை உறை, நோயாளி அங்கி, இதெல்லாம் இயந்திரத்துக்குப் பிடிபடாது. அதற்கு ஒன்பது பேர். அவர்களில் கைதேர்ந்தவர் பத்மாவதி. யாழ்ப்பாணம், அறுபத்தொரு வயது. நியூசிலாந்து வந்ததிலிருந்து அவர் செய்த ஒரே வேலை இதுதான். அரவிந்த் அங்கே மேலாளர். திருப்பூரில் பனியன் கம்பெனி பார்த்துவிட்டு வந்தவன்.

மடிப்பதில் பத்மாவதிக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு புதுத் தள்ளுவண்டித் துணிக்கும் முன்னால் மேசை விளிம்பை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாமி பக்தி என்றுதான் அரவிந்த் நினைத்திருந்தான். ஒருநாள் கேட்டதற்கு அவர் சொன்னார்:

"சாமிக்கில்லைத் தம்பி. இதுக்குள்ள ஆரோ செத்துக் கிடந்த துணியும் இருக்கும். ஆரெண்டு தெரியாது. ஒரு மரியாதை செய்துபோட்டுத் தொடங்குவம்."

போன வருடம் முதலாளி கிரெக் ஒரு பெட்டியைக் கொடுத்தார். உள்ளே எண் போட்ட மணிக்கட்டுப் பட்டைகள், மேசைக்கு மேலே மாட்டும் கேமராக்கள். தோள்வலி ஆராய்ச்சி என்றார். மற்றவர்கள் பேசாமல் கட்டிக்கொண்டார்கள். பத்மாவதி மட்டும் கையை நீட்டிவிட்டுக் கேட்டார்:

"உதென்ன தம்பி, புதுக் காப்பு? தங்கமெண்டால் பிறகு கழட்டித் தரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

"தோள்வலிக்காகத்தான்க்கா. கை எப்படிப் போகுதுன்னு பாத்து மேசை உயரத்த மாத்தப் போறாங்க."

"எனக்குத் தோள் நோகேல்லையே."

"அதனாலதான் உங்களுக்குக் கட்டுறது. நோகாம எப்படி மடிக்கிறீங்கன்னு பாக்கணும்ல."

"ஓம் ஓம், கட்டுங்கோ. பென்சன் வரும்வரைக்கும் இன்னும் நாலு வருசம் நான் இதில நிக்கோணும். மேசை உயர்ந்தால் எனக்கும் நல்லதுதானே."

4

இனி ஷென்ஜென். மூன்று நாள் பயணம். துணி மடிக்கும் ஒரு புது இயந்திரத்தைப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

வரவேற்ற பொறியாளர் பெயர் லின். (லின் பேசியது ஆங்கிலம். அவள் பேச்சைப் பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்தேன், கோயம்புத்தூர்க்காரி ஆகிவிட்டாள். அதனால் எழுத்துத் தமிழிலேயே பேசவிடுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

லின் ஒரு பெரிய கூடத்தின் கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. இருட்டுக்குள் ஏதோ ஓயாமல் அசையும் சத்தம். மின்சாரம் போய்விட்டது போல என்று அரவிந்த் தயங்கி நின்றான்.

"விருந்தாளி வந்தால்தான் விளக்குப் போடுவோம்," என்று லின் ஸ்விட்சைத் தட்டினாள்.

கூடம் முழுக்க வரிசை வரிசையாகக் கைகள். ஒவ்வொரு தூணிலும் இரண்டு, நுனியில் கறுப்பு ரப்பர் விரல்கள். இருட்டிலேயே துண்டு மடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒரு மனிதன் இல்லை. ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு செருப்பு, நாற்காலியில் தொங்கும் ஒரு ஸ்வெட்டர்கூட இல்லை. திருப்பூரில் அவன் பார்த்த எந்தக் கூடத்திலும் யாரோ ஒருவருடைய ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். இங்கே துணியின் சரசரப்பு மட்டும்தான்.

கிளென்ஃபீல்டுக்கு வரவேண்டிய இயந்திரம் கடைசியில், தனி மேசையில் இருந்தது. லின் அதன் பக்கத்தில் ஒரு வண்டி மெத்தை உறைகளைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

கை இறங்கியது. மேசை விளிம்பை இரண்டு விரலால் தொட்டது. பிறகு மேலே எழுந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் நின்றது. அங்கே முகம் இல்லை. ஒரு கறுப்புக் குழாயும் நாலு திருகாணியும் இருந்தன. பிறகு கீழே வந்து முதல் உறையின் இரண்டு மூலைகளுக்குள் விரலை நுழைத்து, ஒரு உதறு உதறி மடிக்கத் தொடங்கியது.

அரவிந்த் இரண்டடி பின்னால் போனான். கால் பக்கத்து இயந்திரத்தின் அடித்தட்டில் இடித்தது. காலால் இடித்துவிட்டால் நம் கை என்ன செய்யும்? நம்மைக் கேட்காது. குனிந்து அந்த இரும்பைத் தொட்டான், கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

லின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே," என்றாள். "அதேதான். நீங்களும் செய்கிறீர்கள்."

பத்து மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கணக்குக்கு விடை கிடைத்தவள் மாதிரி அவள் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கள் ஆட்கள் இதற்கு 'நீ ஹாவ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். துணிக்கு வணக்கம் சொல்கிறதாம். உங்கள் நான்காம் எண் தொழிலாளிதான் எல்லோரையும்விட நன்றாக மடிக்கிறார். அவர் கையைப் பார்த்துத்தான் இது பழகியது. அவருடைய எல்லாப் பதிவிலும் இந்த அசைவு இருக்கிறது. என்ன பயன் என்றுதான் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லுங்கள், இது எதற்கு?"

செத்தவர்களுக்கு மரியாதை. இதை ஆங்கிலத்தில் சொல்ல நாலே வார்த்தை போதும். சொல்லாமல், முதல் உறையை எடுத்துப் புரட்டினான்.

"மடிப்பதற்கு இது தேவையா?" என்றாள் லின்.

"தேவையில்லை," என்றான்.

"எடுத்துவிட்டால் வேகம் கொஞ்சம் கூடும். இருந்தாலும் மோசமில்லை, வாடிக்கையாளர் விருப்பம். நாளை மதியம் பெட்டி கட்டுகிறோம். அதற்குள் எடுக்கவா, வைக்கவா என்று சொல்லுங்கள்."

5

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். அரவிந்த் மேல் எனக்கு ஒரு சந்தேகம்.

இயந்திரத்தைப் பழக்கத்தான் என்று நிசமாகவே தெரியாமலா பட்டை கட்டினான்? தெரியாது என்று எழுதினால் அவன் அப்பாவி; நீங்கள் கிரெக்கைத் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். தெரியும் என்று எழுதினால் அவன் அயோக்கியன். அவனைத் திட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். இரண்டுமே எனக்கு வசதிதான்.

காரிலேயே கேட்டிருந்தேன். "சந்தேகம்கூட வரலையா உங்களுக்கு?"

ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னான். "பெட்டி சீனாவுல இருந்து வந்திருந்துச்சு. தோள்வலிக்கு எதுக்கு சீனான்னு ஒருதடவ தோணுச்சு. அப்புறம், எல்லாமே அங்கருந்துதானண்ணே வருது."

இதற்கு மேல் இந்தப் பாத்திரத்தை என்னால் வளைக்க முடியவில்லை. எப்படி உட்கார்ந்திருந்தானோ அப்படியே விட்டிருக்கிறேன்.

6

அன்று சாயங்காலம் லின் மேலே அலுவலகத்தில் தன் மேசைக்குக் கூட்டிப்போய் நான்காம் எண்ணின் பதிவைக் காட்டினாள். முகம் இல்லை; முழங்கைக்குக் கீழே இரண்டு கைகள் மட்டும். இடது கையில் மெல்லிய காப்பு, அதற்குப் பக்கத்தில் உருளை இயந்திரம் சுட்ட பழைய தழும்பு. அரவிந்துக்கு முகம் தேவைப்படவில்லை.

பிறகு சத்தம் வந்தது. படத்தில் ஒலியும் இருக்கும் என்று அவன் நினைத்துப்பார்க்கவே இல்லை. மொழி தெரியாததால் யாரும் அதை நீக்கவில்லையாம்.

*உதென்ன தம்பி, புதுக் காப்பு?*

ஷென்ஜென்னில், பதினெட்டாவது மாடியில், யாழ்ப்பாணத் தமிழ். அதற்குப் பதில் சொல்லும் குரல் யாருடையது என்று ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை. இவ்வளவு நயமாகப் பேசும் ஒரு ஆள். பக்கத்து மேசையில் ஒரு பையன் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே தலையாட்டினான். இந்தப் பேச்சு அவர்களுக்குப் பாட்டு மாதிரிப் பழகிவிட்டிருந்தது.

*தோள்வலிக்காகத்தான்க்கா.*

"என்ன பேசுகிறார்கள்?" என்றாள் லின்.

"அவங்க தோளைப் பத்தி."

"பேசுகிற ஆள் யார்?"

அரவிந்த் தண்ணீர் கேட்டான்.

7

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவது. 'எடுத்துவிடுங்கள்' என்கிறான். இயந்திரம் கிளென்ஃபீல்டுக்கு வருகிறது. கை நேராகத் துணிக்குப் போகிறது. பத்மாவதி கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார். "பரவாயில்லை, வடிவாத்தான் மடிக்குது. ஆர் தம்பி பழக்கினது?" "சீனாக்காரங்கக்கா." முடிந்தது. இதில் யாரும் அழவில்லை. அதனால் இதுதான் நடக்கும் என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது. 'இருக்கட்டும்' என்கிறான். ஒன்பது பேரும் பார்த்து நிற்க, இயந்திரம் மேசையைத் தொட்டு இல்லாத கண்ணில் ஒற்றிக்கொள்கிறது. பத்மாவதி

இந்த வாக்கியம் நாலு நாளாக இப்படியே நிற்கிறது. அழவைத்தேன், ஒட்டவில்லை. சிரிக்கவைத்தேன், அதுவும் ஒட்டவில்லை. (எங்கள் குவாரிக்கு ஜல்லி உடைக்கும் இயந்திரம் வந்த அன்று அம்மா அதைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதை அச்சில் போட முடியாது. அந்த இயந்திரம் அம்மாவின் கையைப் போல் இல்லை என்பது மட்டும் எங்களுக்கு மிச்சம்.)

மூன்றாவது முடிவில் அவன் விடுதியிலிருந்து அவருக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். இதை நான் எழுதத் தேவையில்லை. பாதி நடந்தது. போன் செய்திருக்கிறான்.

"ஆர், தம்பியோ? சீனாவில நிண்டோ எடுக்கிறியள்? என்ன, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா ஆரும் சீனாவில இருந்து எடுப்பினமே? சரி, எடுத்தது நல்லதாப் போச்சு. அங்கத்தையான் தைலம் ஒண்டு வேண்டியாங்கோ. நீங்கள் அந்தக் காப்புக் கட்டின நாள் தொட்டு எனக்குத் தோள் நோகுது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தாராம்.

"வாங்கிட்டு வரேன்க்கா," என்று வைத்துவிட்டான்.

8

தைலப் புட்டி அவன் கார் டேஷ்போர்டுக்குள்தான் இருந்தது. திறந்து காட்டினான். சீனாவிலிருந்து திரும்பி இரண்டு வாரமாகிறது, இன்னும் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை இயந்திரத்தின் பெட்டியைப் பிரிக்கிறார்கள். கிரெக் கேக் வாங்கச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் வேலை போகாது என்றும் சொல்லியிருக்கிறார், எழுதிக் கொடுக்கவில்லை.

"சரி, லின்கிட்ட என்ன சொன்னீங்க? எடுக்கச் சொன்னீங்களா, வைக்கச் சொன்னீங்களா?"

"அத நீங்களே போட்டுக்கோங்கண்ணே," என்றான். அவன் மனைவி பைகளோடு வந்துவிட்டாள். கண்ணாடி ஏறியது.

அந்தத் திங்கட்கிழமை போய்விட்டது. அவன் நம்பர் எனக்குக் கிடைக்காமல் இல்லை, சங்கத்தில் கேட்டால் தருவார்கள். கேட்கவில்லை. நடந்தது தெரிந்துவிட்டால் அதை எழுதிவிட்டு நான் எழுந்து போய்விடுவேன். நீங்களும்தான்.

அதனால் இங்கே நிறுத்துகிறேன். கேக் இன்னும் வெட்டவில்லை. முதல் வண்டி நிறைய மெத்தை உறை வந்து நிற்கிறது. கிரெக் பொத்தானை அழுத்திவிட்டார். கை இறங்கத் தொடங்கியிருக்கிறது. மேசை விளிம்புக்கா துணிக்கா என்று இந்த உயரத்திலிருந்து சொல்ல முடியாது. நீங்கள் லின்னிடம் என்ன சொல்லியிருப்பீர்களோ அங்கேதான் அது போய்ச் சேரும். போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அரவிந்தின் இடத்தில் நின்றுகொண்டு எழுதுவதற்கு வசதியாக. முன்வரிசையில் எட்டுப் பேர் இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். பத்மாவதி பார்க்கவில்லை. தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.

"என்ன தம்பி, தைலம் வேண்டினனீங்களே?"