ஹாஸ்லம் கப்பலின் காலி உறைகள்

வெண்டெல் வருகிறான் என்று தெரிந்ததும் அர்லோ எனக்குப் போன் செய்து சிரித்தான்.

"டேய் டெல்மர், தபால் மகராசன் வர்றானாம்டா. பொட்டியில படுக்கறதுக்கு முன்னாடி நம்ம மூஞ்சியப் பாக்கணுமாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அர்லோ கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், அவனுக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்பு வரும். எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும்.

நாங்கள் எல்லோரும் ஹாஸ்லம் என்ற நாசகாரிப் போர்க்கப்பலில் இருந்தவர்கள். ஒவ்வொரு அக்டோபரிலும் நார்ஃபோக்கில் ஒரு ஓட்டலில் கூடுவோம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அந்த வருஷம் செத்தவர்களின் பெயர்களை நான் வாசிப்பேன். பெயருக்குப் பெயர் கப்பலின் மணியை அடிப்போம். கப்பலை உடைத்து இரும்பு விலைக்குக் கொடுத்தபோது அந்த மணியை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருந்தோம். ஹாஸ்லத்தில் இருந்தவன் எவனும் மணி இல்லாமல் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வெண்டெல் ஒருவன் மட்டும் விலக்கு. எங்கள் சங்கம் தொடங்கிய வருஷமே அவன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம்.

இப்போது அவனுக்கு நெஞ்சு கெட்டுவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டாராம். அவன் கேட்டது ஒன்றுதான்: செத்தால் எனக்கும் மணி அடியுங்கள்.

கப்பலின் கதையை நான் ஒரு சின்னப் புத்தகமாக எழுதி அச்சடித்திருக்கிறேன். மெய்ன் மாநிலத்தில் கட்டியது, பசிபிக்கில் ஜப்பான் விமானங்களைச் சுட்டது, போர் முடிந்ததும் கரையோரம் கட்டிப்போட்டது, கொரியப் போருக்காக மறுபடி தட்டி எழுப்பியது, ஐம்பத்தோராம் வருஷம் டிசம்பரில் கொரியாவின் வோன்சான் துறைமுகத்துக்கு வெளியே கண்ணிவெடியில் பின்பக்கம் கிழிந்தது, ஜப்பானின் சாசெபோவுக்கு இழுத்துப்போய் ஒட்டுப்போட்டது, பிறகும் இருபது வருஷம் ஓடியது எல்லாம் அதில் உண்டு. செத்த ஒன்பது பேரின் படமும் உண்டு. தபால் மூட்டையைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. அதை எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வரும்.

அதை இங்கே சொல்லிவிடுகிறேன். கப்பலின் தபால் அறை ஒரு அலமாரி அளவுதான். அதற்கு வெண்டெல் ராஜா. கப்பல் பெயர் போட்ட வட்ட முத்திரை அவன் கையில். ஊரில் இந்த முத்திரைகளுக்கென்றே ஒரு பைத்தியக் கூட்டம் இருக்கிறது. தங்கள் விலாசத்தைத் தாங்களே எழுதிய காலி உறைகளைக் கட்டுக்கட்டாகக் கப்பலுக்கு அனுப்புவார்கள். கசங்காமல் இருக்க உள்ளே ஒரு வெற்று அட்டை வைத்திருப்பார்கள். முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினால் போதும், கடிதம் யாருக்கும் வேண்டாம். வெண்டெலும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அந்த டிசம்பரில் முத்திரை வட்டத்தை ஒட்டிய கோடுகளுக்கு நடுவே 'கொரியாவில் கிறிஸ்துமஸ்' என்று எழுத்துக் கோத்து, ராத்திரி பகல் பாராமல் குத்தித் தள்ளினான்.

ஒருநாள், எங்களுக்கு எண்ணெய் கொடுத்துத் தபாலை வாங்கிப்போகும் கப்பல் பக்கத்தில் வந்தது. இரண்டு கப்பலும் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் கயிறு கட்டி மூட்டைகளை அந்தப் பக்கம் அனுப்புவோம். கயிறு என் பொறுப்பு. கடல் கொந்தளிக்கத் தொடங்கியிருந்தது. வெண்டெல் இரண்டு மூட்டையோடு வந்தான்.

"எதுடா மொதல்ல?" என்றேன்.

"இது. கவருங்க. இன்னிக்குத் தேதி குத்தியிருக்கேன், இன்னிக்கே போகணும். இல்லன்னா வாங்கறவங்க சண்டைக்கு வருவாங்க. பசங்க கடுதாசி நாளைக்குப் போனா என்ன கொறஞ்சா போச்சு?"

உறை மூட்டை போனது. பையன்களின் கடிதங்கள் இருந்த மூட்டையைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கும்போதே, அலை பெரிதாகிவிட்டது என்று கேப்டன் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். மறுநாள் விடியும்போது கண்ணிவெடி. தபால் அறை பின்பக்கத்தில்தான் இருந்தது. ஒன்பது பையன்களும் அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடைசிக் கடிதங்களும் தண்ணீரில் போனார்கள். வெற்று அட்டை வைத்த உறைகள் மட்டும் ஓஹையோவுக்கும் அயோவாவுக்கும் கசங்காமல் போய்ச் சேர்ந்தன.

அந்த உறை மூட்டையைக் கயிற்றில் தள்ளிவிட்டது என் கை. அதற்காகவும் சேர்த்துத்தான் அவனை வெறுத்தேன்.

செத்தவர்களில் ஸ்டான் புரோகோப்புக்குப் பத்தொன்பது வயது. அவனுடைய அம்மா வருஷா வருஷம் ஹேசல்டன் என்ற சுரங்க ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார். எழுபது தாண்டியவர், கண் மங்கிவிட்டது, கறுப்புக் கைப்பையை மடியை விட்டு இறக்கமாட்டார். எங்கள் எல்லோருக்கும் அவர் அம்மாதான். வந்து உட்கார்ந்ததும் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"டெல்மர், அவன் எனக்கு எழுதினானாப்பா?"

"எழுதினாம்மா. என் கண்ணால பாத்தேன். மூட்டையோட போயிடுச்சு."

மூட்டை ஏன் போகாமல் நின்றது என்று அவர் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

வெண்டெல் அந்த ஞாயிறு உள்ளே வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. கோட்டு அவன்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினான். கக்கத்தில் ஒரு தடித்த ஆல்பம்.

"வாங்க சார்! ரெண்டு ஸ்டாம்பு குடுங்க, நாக்கால நக்கி ஒட்டிக்கறோம்," என்றான் அர்லோ. மேஜை மேஜையாகச் சிரித்தார்கள்.

நான் எழுந்துபோய் அவன் வழியை மறித்தேன். "ஸ்டானோட அம்மா அங்க உக்காந்திருக்காங்க. என்ன நடந்துச்சுன்னு நீயே போய் உன் வாயால சொல்லு. அவங்க சரின்னா உனக்கு மணி. இல்லன்னா வந்த வழியே போயிட்டே இரு."

"சொல்றேன் டெல்மர். அதுக்குத்தான் வந்தேன்," என்றான்.

ஆனால் அம்மா எதிரே உட்கார்ந்ததும் அவன் செய்தது வேறு. ஆல்பத்தைத் திறந்து வைத்தான். பக்கத்துக்குப் பக்கம் அந்த உறைகள். எல்லாவற்றிலும் அதே வட்டம், அதே தேதி.

"நாடு பூராத் தேடித் திரும்ப வாங்கினேம்மா. அன்னிக்குக் கப்பல விட்டுப் போனது இது மட்டும்தான். செத்துப்போனவங்க வீட்டுக்கு ஆளுக்கு ஒண்ணு குடுக்கலாம்னு நெனச்சேன்." ஒரு உறையை உருவி அவர் கையில் வைத்தான்.

மகனைப் பறிகொடுத்தவளுக்கு, எவனோ அயோவாக்காரன் விலாசம் எழுதிய காலி உறையை ஆறுதல் என்று கொடுக்க இவனைப்போல ஒரு முத்திரைப் பைத்தியத்தால்தான் முடியும். அவனுக்கு அது உண்மையிலேயே பொக்கிஷம். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா உறையை விரலால் தடவினார். "இது ஸ்டானோடதா?"

வெண்டெல் என்னைப் பார்த்தான். பிறகு மணியைப் பார்த்தான். "ஆமாம்மா," என்றான்.

"எனக்குக் கண்ணு தெரியல. படிங்க."

அவன் உள்ளே இருந்த வெற்று அட்டையை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். அர்லோ என் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

"அன்புள்ள அம்மா," என்று தொடங்கினான் வெண்டெல். "இங்க குளிரு ஜாஸ்தி. நான் நல்லாருக்கேன். நீங்க அனுப்பின கம்பளிக் கையுறை கச்சிதமா இருக்கு. கிறிஸ்துமஸுக்கு எனக்காகவும் ஒரு தட்டு வைங்க."

"அப்பாவப் பத்தி ஒண்ணும் எழுதலயா?"

"எழுதியிருக்காம்மா. அப்பாவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க, ரொம்ப வேலை செய்ய வேணாம்னு..."

"நல்ல புள்ள," என்றார் அம்மா. "அவன் வயித்துல இருக்கும்போதே அவங்கப்பா சுரங்கத்துல செத்துப்போயிட்டாரு. இருந்தாலும் கேக்கணும்னு தோணியிருக்கு பாருங்க. மேல படிங்க."

வெண்டெல் அட்டையை இறக்கினான்.

"மன்னிச்சுக்குங்கம்மா. இதுல ஒண்ணும் எழுதல. காலி."

"காலின்னு தெரியும். காலைல காப்பி குடிக்கும்போதே அர்லோ எல்லாத்தையும் கொட்டிட்டான். ரெண்டு மூட்டை கதையும் கேட்டேன்." அவர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "என் புள்ள என்ன எழுதினான்னு உங்களுக்குத் தெரியாது. அது ஏன் எனக்கு வரலன்னு தெரியுமில்ல? அதப் படிங்க. அவன் எழுதற மாதிரியே படிங்க."

"அம்மா, நெஞ்சு வலிக்குது..."

"படிங்க."

அவன் படித்தான். "அன்புள்ள அம்மா. இந்தக் கடுதாசி உங்களுக்கு வராது. தபால் பாக்கற வெண்டெல் காலிக் கவரு மூட்டைய மொதல்ல அனுப்பிட்டான். எங்களுது நாளைக்குப் போனாப் போதும்னுட்டான்."

"ஏன் அப்படிச் செஞ்சான்னு ஸ்டான் எழுதலயா?"

வெண்டெல் அட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எழுதியிருக்கான். முத்திரை அன்னிக்கு ரொம்ப அழகா விழுந்திருந்துச்சும்மா. அதான்."

இருபத்தெட்டு வருஷம் அவன் வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்டது இதுதான். ஆனால் கேட்டதும் அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்துப்போட்டு, அவனைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போக வேண்டும் போலிருந்தது.

"போதும்மா," என்றேன். "சொல்லிட்டான். விட்டுருங்க."

"உனக்குப் போதும் டெல்மர். வருஷா வருஷம் 'மூட்டையோட போயிடுச்சு'ன்னு சொல்லியே என்னை பஸ் ஏத்திவிட்ட. எனக்கு இன்னிக்குத்தான் ஒரு கடுதாசி வந்திருக்கு."

அட்டையை வாங்கி உறைக்குள் போட்டு, உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஆல்பத்தின்மேல் கையை வைத்தார்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"எரநூறுக்கு மேல இருக்கும்மா."

"உங்களுக்கு மணி வேணும், இல்ல? கெடைக்கும். வருஷத்துக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உக்காந்து படிங்க. எல்லாம் தீந்ததும் டெல்மர் அடிப்பான்."

யாரும் சிரிக்கவில்லை. அர்லோகூட.

"டாக்டர் எனக்கு வசந்தம் வரைக்கும்தான்மா கெடு குடுத்திருக்காரு," என்றான் வெண்டெல்.

"அப்ப செத்துடாதீங்க," என்றார் அம்மா. பிறகு உருளைக்கிழங்குப் பாத்திரத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.

வெண்டெல் மார்ச்சில் செத்தான். அந்த அக்டோபரில் அவன் பெயரை நானே பட்டியலில் எழுதிக்கொண்டுபோனேன், யாரையும் கேட்கவில்லை. முறை வந்தபோது உரக்க வாசித்தேன். மணிக்கயிற்றைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தேன். கைப்பை மடியில் இருந்தது. அவர் மெதுவாகத் தலையை இல்லை என்று ஆட்டினார்.

நான் கயிற்றை விட்டுவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.