இன்னொரு ஜோடிக் கை

பால் கொடுக்கும் வேளைக்குக் கால்மணி நேரம் முன்பே சாஃப்தா ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக்கு வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்று மகன் இலாரியேயை மார்போடு அணைத்துக்கொள்ளலாம் என்று நர்ஸ் தோம்னிகா சொல்லியிருந்தாள். பிறந்து பத்தொன்பது நாளாகியும் ஒரு கிலோ தேறாத பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விரலை விட்டுத் தொட்டதோடு சரி. பெற்ற பிள்ளையின் கனம் எவ்வளவு என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்த ஏக்கத்தில் கீழே தாய்மார் வார்டில் தலையணையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

உள்ளே போனதும் பிள்ளையின் கைதான் கண்ணில் பட்டது. மருந்தும் ஆகாரமும் போகிற நூல்போன்ற குழாய் அந்தக் கை நரம்பு வழியாக இதயத்தருகே வரை போகிறது. அது நுழையும் இடத்தை மூடியிருந்த பிளாஸ்திரி ஓரத்தில் கிளம்பியிருந்தது. மாமியார் மடாலயத்திலிருந்து வாங்கிக் கொடுத்தனுப்பிய மந்திரித்த எண்ணெயை, நேற்று யாரும் பார்க்காதபோது அந்தக் கையில்தான் ஒரு சொட்டுத் தடவியிருந்தாள். சொன்னால் இனி உள்ளே விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்?

"சிஸ்டர், நான்தான்... நேத்து சாமி எண்ணெய் தடவினேன்."

தோம்னிகா குனிந்து பார்த்தாள். "அடிப்பாவி! எண்ணெய் பட்டா இது ஒட்டுமா? இந்த இடுக்குல கிருமி போச்சுன்னா நேரா ரத்தத்துலதான் கலக்கும். உன் சாமிக்கு வேற எடமே கெடைக்கலியா?" பிறகு குரல் தணிந்தது. "சொன்னியே, அதுவே பெருசு. இப்பவே மாத்தணும்."

மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி கையை அசையாமல் பிடிக்க, இன்னொருத்தி துடைத்து ஒட்ட வேண்டும். கூட இருந்த நர்ஸ் ஜெர்மனிக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கும் தோம்னிகா ஒருத்திதான்.

"மறுபடி கையக் கழுவு. மாஸ்க் போடு. நீயே பிடி."

சாஃப்தா கையுறையும் மாட்டிக்கொண்டு முதன்முறையாக இரண்டு கைகளாலும் மகனைப் பிடித்தாள். தோம்னிகா பழையதை இம்மி இம்மியாக உரித்து, மருந்தால் துடைத்தாள். "ஊதாத, தானா காயட்டும்," என்று காத்திருந்து புதியதை ஒட்டித் தேதி எழுதினாள்.

"இப்பத் தருவீங்களா சிஸ்டர்?"

"ரெண்டு நாள் பாக்கணும்மா. காய்ச்சல் வரலேன்னா நானே தூக்கி உன் நெஞ்சுல வெக்கிறேன்."

காய்ச்சல் வரவில்லை. தோம்னிகா நடந்ததை மறைக்காமல் பதிவேட்டில் எழுதி, இன்னொரு நர்ஸ் உடனே வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். மூன்றாம் நாள் காலை சாஃப்தா கைகழுவி வந்தபோது நிர்வாகத்தின் பதில் கதவில் ஒட்டியிருந்தது. கிருமித்தொற்றைத் தடுக்கும் பொருட்டு மறு அறிவிப்பு வரை தாய்மார்களுக்கு அனுமதி இல்லை. பால் புட்டியை வாசலில் வைத்துவிட்டுச் செல்லவும்.

கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். வேறொரு பிள்ளைக்குப் பிளாஸ்திரி மாற்றிக்கொண்டிருந்தாள் தோம்னிகா. துள்ளுகிற சின்னக் கையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் மட்டும் உரிக்கப் பார்த்தாள். பிடி நழுவியது, மறுபடி பிடித்தாள். கழுவிய கைகள் இரண்டையும் எதிலும் படாமல் உயர்த்திப் பிடித்தபடி சாஃப்தா வெளியே நின்றாள்.