எழுந்திருக்காதீங்கம்மா

பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்த பிறகு ஜோசஃபினுக்குக் கன்னத்தில் சதை போட்டிருந்தது. ஜெயராஜுக்கு அதில் அவ்வளவு பெருமை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்களிடம், "லெஸ்டர்லேருந்து வரப்ப எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கா பாருங்க!" என்று மனைவியைக் காட்டுவார். கண்காட்சியில் பரிசு வாங்கிய ரோஜாச் செடியைக் காட்டுவதுபோல இருக்கும்.

வந்தவர்களும் சும்மா போவதில்லை. "ராணி மாதிரி வெச்சிருக்கீங்க அங்கிள். கால் தரையில படாம பாத்துக்கறீங்க" என்று சொல்லிவிட்டு, காபியும் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

கால் தரையில் படவில்லை என்பது பாராட்டா, புகாரா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஜெயராஜ் பெங்களூரை விட்டுப் போனது வாலிப வயதில். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் பஸ் ஓட்டினார். பனியிலும் மழையிலும் ஓட்டி, ஒரு சின்ன வீட்டை வாங்கி, கடனை அடைத்து, ஒரே மகள் ஆஞ்சலாவைக் கட்டிக்கொடுத்து, அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில் ஜோசஃபினுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் பாதி போயின. பேச்சு கொஞ்சம் இழுத்தது. மற்றபடி புத்தி தெளிவு, நாக்கு பழைய நாக்கு.

அங்கே நகராட்சி ஓர் ஆளை அனுப்பியது. டோரீன் என்று பெயர். காலையில் வருவாள், ஜோசஃபின் கட்டிலுக்கு எதிரே கைகட்டிக்கொண்டு நிற்பாள். ஜோசஃபின் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவாள். டோரீன் பார்த்துக்கொண்டே நிற்பாள். பிறகு ஜோசஃபின் வாக்கரைப் பிடித்துத் தள்ளாடித் தள்ளாடிச் சமையலறைக்குப் போய் டீ போடுவாள். அப்போதும் டோரீன் பின்னாலேயே போய் நிற்பாளே தவிர, ஒரு கரண்டியை எடுத்துக் கொடுக்க மாட்டாள்.

"வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு ஆளா? சினிமாவா நடக்குது இங்க?" என்று ஜெயராஜ் தமிழில் திட்டுவார். டோரீன் புன்னகையோடு, "நல்லது, நல்லது" என்று ஜோசஃபினைத்தான் பாராட்டுவாள்.

பிறகு அந்த உதவி நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். ஜெயராஜின் இடுப்பும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதியோர் இல்லத்தில் விசாரித்தார். அவர்கள் கேட்ட தொகைக்கு, அவர் ஆயுள் முழுக்க ஓட்டிச் சம்பாதித்த வீடு நான்கைந்து வருஷத்தில் கரைந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் கிளாரன்ஸ் போன் செய்தார். ஜெயராஜோடு ஒரே பெஞ்சில் படித்தவர், லிங்கராஜபுரத்தை விட்டு நகராதவர்.

"என்ன மேன், பைத்தியமா நீ? அங்க ஒருத்தி வந்து மூஞ்சிய காட்டிட்டுப் போற காசுக்கு இங்க ரெண்டு பொம்பளைங்க பகலும் ராத்திரியும் இருப்பாங்க. வீட்ட வித்துட்டு வா மேன். ராஜா மாதிரி இருக்கலாம்."

ஜோசஃபின் உடனே சம்மதிக்கவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்து, நான்காம் நாள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"வர்றேன். ஆனா அடுத்த மே மாசம் ஷெரில் புதுநன்மை வாங்கறப்ப நான் இங்க வந்தாகணும்."

ஷெரில் பேத்தி. ஆஞ்சலாவின் மகள். கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற சடங்கைத்தான் புதுநன்மை என்பார்கள்.

"கூட்டிட்டு வர்றேன் ஜோசி. சக்கர நாற்காலி போட்டாவது..."

"நாற்காலி பிளேன்ல ஏறும். ஆஞ்சலா வீட்டுல ஏறுமா? பாத்ரூம் மாடியில இருக்கு. மாப்பிள்ளை என்னைத் தூக்கிட்டுப் போவாரா பாத்ரூமுக்கு? நான் படி ஏறணும். என் கால்ல ஏறணும்."

"ஏறுவே" என்றார் ஜெயராஜ். சத்தியம் செய்யாத குறை.

வீட்டை விற்றார்கள். 2003 செப்டம்பரில் பெங்களூர் வந்து இறங்கினார்கள்.

கிளாரன்ஸ் சொன்னது பொய்யில்லை. ரெண்டு பெண்கள் கிடைத்தார்கள். பகலுக்கு ஜீவனஹள்ளியிலிருந்து சரளா, ராத்திரிக்கு வீணா. சரளாவின் புருஷன் நாகேஷ் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அதை மூடிவிட்டார்கள். இப்போது சரளாவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வந்த முதல் வாரமே தலை வாரிவிட்டபடி இதையெல்லாம் ஜோசஃபினிடம் சொல்லி அழுதுவிட்டாள். ஜோசஃபினும் நல்ல கையால் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

இரண்டாவது வாரத்தில் அது நடந்தது.

தெருவில் கீரைக்காரன் வந்தான். சரளா கேட்டுக்குப் போனாள். ஜெயராஜ் பேங்குக்குப் போயிருந்தார். ஜோசஃபின் வாக்கரைப் பிடித்து எழுந்து, லெஸ்டரில் செய்தமாதிரியே, சமையலறைக்கு நடந்து போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். கப்பை எடுக்கும்போது லேசாகச் சாய்ந்துவிட்டாள். மேடையைப் பிடித்துச் சமாளித்தும்விட்டாள். கப் மட்டும் கீழே விழுந்து நொறுங்கியது.

அதே நேரத்தில் ஜெயராஜ் உள்ளே நுழைந்தார்.

"சரளா!"

கையில் கீரைக்கட்டோடு ஓடி வந்தாள் அவள்.

"எதுக்கு உன்னை வெச்சிருக்கேன்? பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்தவா? அம்மா கீழ விழுந்து இடுப்பு ஒடிஞ்சா நீயா பதில் சொல்லுவே?"

"சாரு, ஒரு நிமிஷம்தான் சாரு, கீரைக்காரன்..."

"கீரையும் வேணாம், கீரைக்காரனும் வேணாம். இன்னொரு தடவ அம்மா தானா எழுந்து நின்னதை நான் பாத்தேன், அன்னிக்கே நீ வீட்டுக்குப் போகலாம். புரியுதா?"

"நான்தாங்க எழுந்தேன். அவளை ஏன்..." என்று ஜோசஃபின் இழுத்தாள். பக்கவாதம் வந்த நாக்கு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஜெயராஜ் பாதி வீட்டைக் கடந்திருந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வார்த்தை காலையிலிருந்து இரவுவரை ஒலித்தது. "எழுந்திருக்காதீங்கம்மா." ஜோசஃபின் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினால் சரளா ஓடி வந்தாள். "அம்மா, பேடாம்மா, வேணாம்மா, எழுந்திருக்காதீங்க, என்ன வேணும்னு சொல்லுங்க." வீணா அதற்கும் ஒரு படி மேலே போனாள். கட்டிலிலேயே பல் தேய்த்துவிட்டாள். கட்டிலிலேயே சோறு ஊட்டினாள். பாத்ரூமுக்குப் பகலில் சரளாவும் ராத்திரியில் வீணாவும் தூக்கிக்கொண்டு போனார்கள். யார் அதிகம் செய்கிறார்கள் என்று ரெண்டு பேருக்கும் போட்டி. வாக்கரில் துண்டு காய்ந்தது.

ஜெயராஜுக்கு மனம் குளிர்ந்தது. டோரீனை நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

மார்ச் மாதம் ஆஞ்சலா போன் செய்தாள். "டாடி, டிக்கெட் போடணும். மம்மி படி ஏறுவாங்க இல்ல? கேட்டுச் சொல்லுங்க."

"என்னம்மா கேள்வி இது? இங்க வந்து உங்கம்மா எப்படித் தேறிட்டா தெரியுமா? கன்னத்தைப் பாக்கணும் நீ!"

"கன்னத்தால படி ஏற முடியாது டாடி" என்று ஆஞ்சலா சிரித்தாள்.

அவரும் சிரித்தார். இருந்தாலும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. வீட்டுக்காரர் குடியிருக்கும் மாடிக்கு வெளியே சிமெண்ட் படி இருந்தது. கிளாரன்ஸையும் வரச் சொன்னார். சரளாவும் ஜெயராஜும் ஜோசஃபினைச் சக்கர நாற்காலியில் முதல் படிவரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாக்கரை எதிரே வைத்தார்கள்.

"கமான் ஜோசஃபின், லண்டனுக்கு ஃப்ளைட் ரெடி!" என்றார் கிளாரன்ஸ்.

ஜோசஃபின் வாக்கரைப் பிடித்தாள். அழுத்தினாள். முகம் சிவந்தது. நாற்காலியிலிருந்து உடம்பு ஒரு சாண் மேலே வந்தது. முழங்கால்கள் நடுங்கின. உடம்பு அப்படியே மறுபடி நாற்காலியில் விழுந்தது.

"பயப்படாதே ஜோசி, இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் அதேதான். மூன்றாவது தடவை உடம்பு மேலே வரவே இல்லை. அவள் இடது காலை மட்டும் அல்ல, வலது காலையும் பார்த்தாள். பக்கவாதம் தொடாத கால். அதுவும் அவளைத் தாங்கவில்லை.

கிளாரன்ஸ் நகைச்சுவையை நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை சேஷகிரி வந்தார். பிசியோதெரபி டாக்டர், நாற்பது வயதிருக்கும், குரலை உயர்த்தாத மனிதர். ரெண்டு காலையும் மடக்கிப் பார்த்தார், தொடையை அழுத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"கடைசியா இவங்க எப்போ நடந்தாங்க?"

ஜெயராஜ் சரளாவைப் பார்த்தார். சரளா தரையைப் பார்த்தாள்.

"மறுபடி ஸ்ட்ரோக் வந்திருக்கா டாக்டர்?" என்று ஜெயராஜ் கேட்டார். கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று ஓர் ஆசை இருந்தது.

"இல்ல சார். அப்படி ஒண்ணும் இல்ல. வேலை குடுக்காத கால் சார் இது. சதை உருகிப்போச்சு, மூட்டு இறுகிப்போச்சு. வந்த புதுசுல கூப்பிட்டிருந்தா..." நிறுத்திக்கொண்டார். "கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாறுற அளவுக்குக் கொண்டுவரப் பாக்கலாம். படியெல்லாம் நான் சொல்ல மாட்டேன்."

"மே மாசத்துக்குள்ள?"

சேஷகிரி பையை மூடினார். அதுதான் பதில்.

அவர் போன பிறகு ஜெயராஜ் கட்டில் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சரளா சமையலறையில் எதையோ கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஜோசி, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு நடக்கணும், என்னை விடுங்கன்னு ஒரு வார்த்தை..."

ஜோசஃபின் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"நான் எழுந்தா... அவளுக்கு வேலை போயிடும்னு சொன்னீங்களே."

ஜெயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது... ஒரு கோவத்துல சொன்னதும்மா..."

"உங்களுக்குக் கோவம். அவளுக்கு அது சோறு. பாவம், மூணு பிள்ளைங்க. கொஞ்ச நாள் போகட்டும், நீங்க மறந்த பிறகு நடக்கலாம்னு இருந்தேன். அப்புறம்..." அவள் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அப்புறம் சுகமாயிடுச்சுங்க. எல்லாம் கைக்கு வருது. வலியில்ல. நாளைக்கு நடக்கலாம், நாளைக்கு நடக்கலாம்னு..."

லெஸ்டரில் விலைகொடுத்து வாங்க முடியாத பணிவிடையை இங்கே மலிவாக வாங்கிவிட்டோம் என்று ஊரெல்லாம் பெருமை பேசினோமே, வாங்கியது எதை என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது. திரும்பிப் போகவும் வீடு இல்லை. அதில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

சாயங்காலம் ஆஞ்சலாவுக்கு அவரே போன் போட்டார். "ஆஞ்சலா, மம்மி விஷயம்... நான் ஒரு பெரிய தப்பு..." என்று தொடங்கினார். ஜோசஃபின் நல்ல கையை நீட்டி, போனைக் கொடு என்பதுபோல விரல்களை அசைத்தாள். கொடுத்தார்.

"ஆஞ்சலா... மம்மி பேசறேன். எனக்கு வர இஷ்டம் இல்லடி. அந்தக் குளிர் ஒத்துக்காது. இங்க வெயில் எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா... டாடி என்னவோ உளறுறாரு, அவருக்கு வயசாயிடுச்சு. இல்ல, இல்ல, உடம்பு நல்லா இருக்கு. சோம்பேறியாயிட்டேன், அவ்வளவுதான்... ஷெரிலுக்கு வெள்ளை கவுன் எடுத்தாச்சா?... ஃபோட்டோ அனுப்பு. நிறைய அனுப்பு."

அந்தப் பக்கம் மகள் அழுவது ஜெயராஜுக்கே கேட்டது. கோபத்தில் அழுகிறாள். அம்மாவுக்குத் தன் பிள்ளைமேல் பாசமில்லை என்று நினைத்துக்கொண்டு அழுகிறாள். போனைப் பிடுங்கி, இல்லை, எல்லாம் என்னால்தான் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஜோசஃபின் அவர் கண்ணையே பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். போனை வைத்தாள்.

சரளா வாசல்படியில் வந்து நின்றாள். அவளுக்கும் விஷயம் புரிந்திருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது.

"அம்மாவை நாற்காலியில உக்கார வெக்கட்டுமா சாரு? வெளிய கொஞ்சம் காத்து வருது."

"நீ தூக்காதே சரளா" என்றார் ஜெயராஜ். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "அம்மா தானா எழுந்திரிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் பரவால்ல. நீ பக்கத்துல நின்னா போதும். உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்."

சரளா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றாள். எங்கே வைப்பதென்று தெரியாத கைகள்.

ஜோசஃபின் கட்டில் விளிம்பைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"எங்க போகணும்னு இப்ப எழுந்திரிக்கச் சொல்றீங்க?" என்றாள். பிறகு சரளாவின் பக்கம் கையை நீட்டினாள். "வாம்மா. தூக்கு."