கடைசிப் பத்தி

"அந்தப் பத்திய எடுக்க முடியாதுன்னு சொல்லிடு," என்றாள் அக்கா, தலையணையில் சாய்ந்தபடி. தங்கை அவளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் சீப்பு, மறு கையில் ஃபோன். மறுமுனையில் பத்திரிகை ஆசிரியர் காத்திருந்தார்.

"கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன் சார்," என்று தங்கை வைத்துவிட்டாள்.

இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பியிருந்தார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பேச நேரம் எங்கே? கதை இருந்தது.

அக்கா மருந்துக் கடையில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றதும் கதை எழுதப்போகிறேன் என்று உட்கார்ந்தாள். எழுதியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அவள் கதைகளில் எல்லோரும் மனதில் இருப்பதை மேடை போட்டுப் பேசினார்கள். "யாருக்கா இப்படிப் பேசறாங்க? உன் கடைக்கு வர்றவங்க பேசுவாங்களா?" என்று தங்கை கேட்டுவிட்டாள். அக்கா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய கடைக்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தலைவலி மாத்திரை கேட்டவர் மருமகனைப் பற்றியே பேசினார். இருமல் மருந்து வாங்கவந்த பெண் வாய் திறக்காமல், அடுத்தவர் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள். "ஏய், யாருமே எது வேணுமோ அதக் கேக்கறதில்லடி!"

அதிலிருந்து பிறந்தது இந்தக் கதை. மனைவி இறந்துபோன பிறகும் அவளுக்கான கண் சொட்டு மருந்தை வாங்க வரும் ஒருவரைப் பற்றியது. முதன்முதலாக ஒரு பத்திரிகை ஏற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் தெருவில் நின்று அழுகிற பத்தி மட்டும் வேண்டாமாம்.

"நான் அழுதுக்கிட்டே எழுதினதுடி அது."

"அதான் நீ அழுதுட்டியே. அவர் வேற எதுக்கு? கண்ணுக்கு மருந்து வாங்கிட்டுப் போறவரு அழுதா மருந்து வீணாயிடும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று.

"சரி. அது இல்லாம படி."

தங்கை படித்தாள். கடைக்காரி மருந்தை உறையில் போடுகிறாள். அவர் வாங்கிக்கொண்டு, 'நாளைக்குக் கடை உண்டுல்ல?' என்கிறார். அவ்வளவுதான்.

சன்னல் திரை உப்பி அடங்கியது.

"மறுபடி."

மறுபடி படித்தாள்.

"சனியனே, நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "ஆனா நீ சொன்னதுக்காக ஒண்ணும் எடுக்கல."

ஆசிரியரிடம் அவளே பேசினாள். மூச்சு வாங்கியது. "எடுத்துடுங்க சார். அவரு கடை வாசல்லயே நிக்கட்டும்." எழுதியவரைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்றார் அவர். "புதுசா எழுத வந்தவங்கன்னு போடுங்க."

ஃபோனைக் கொடுத்தபிறகு, "புதுசா எழுத வந்தவ!" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்புறம், "பசிக்குதுடி," என்றாள்.

பல நாளாக அவள் வாயில் வராத வார்த்தை. தங்கை ஓடிப்போய்ப் பாலைச் சுடவைத்தாள். டம்ளரோடு திரும்பியபோது அக்கா கண்மூடியிருந்தாள். வாயோரம் யாரையோ கேலி செய்யப் போகிற மாதிரி இருந்தது. தங்கை கூப்பிட்டாள். தொட்டுப் பார்த்தாள். பாலை மேசைமேல் வைத்துவிட்டு, பாதியில் விட்ட தலையை வாரிப் பின்னி முடித்தாள்.

மறுநாள் கூடம் நிறைய ஆட்கள். மருந்துக் கடை முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஸ்டூல் போட்டு உக்காந்து என் வியாபாரத்தையே கெடுத்தாங்க. மாத்திரை வாங்க வந்தவனெல்லாம் கதை சொல்லிட்டு, மாத்திரைய மறந்துட்டுப் போயிட்டான்." யாரும் சிரிக்கத் துணியவில்லை. தங்கைதான் முதலில் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது.

கதை வெளியான வாரம், பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பத்திரிகையை ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். அலுவலக அட்டை கழுத்தில் தொங்கியது. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். அக்கா கதைதான். அந்தப் பெண் முடிவுக்கு வந்தாள். மிச்சம் இருக்கிறதா என்று பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தில் வேறு ஏதோ இருந்தது. கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தாள். பிறகு திருப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பேருந்து வந்து கதவைத் திறந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.