வழியில் நிற்கக் கூடாது

“சைலன்சர் பக்கமே போகக் கூடாதாம்” என்று அவள் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களிடம் சொன்னாள்.

கால்கள் அசையவில்லை. உள்ளே எங்கோ ஸ்பேனர் வழுக்கித் தகரத்தில் மோதியது.

“அது எனக்குத் தெரியாதாக்கும்” என்றது தம்பியின் குரல். “பழைய லைன் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுத்தானே படுத்திருக்கேன். சைலன்சர் மேலயே சாஞ்சுகிட்டுப் போகுது. பெட்ரோல் கொதிக்காம என்ன செய்யும்?”

“இதை அவர்கிட்ட சொல்லணுமா?”

“வேணாம். டேங்க்லேர்ந்து வலது பக்கமா கொண்டுபோறேன்னு மட்டும் சொல்லு.”

கார் நிறுத்தும் கூரைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரு சுவர். சுவரில் ஒரு ஜன்னல். பெட்ரோல் வாடை வருமென்று காலையில் அவள் அதைச் சாத்தினாள். உள்ளே படுத்திருந்த கணவர் திறக்கச் சொன்னார். பாதி திறந்தாள். குரலைச் சற்று உயர்த்தினால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். இருவரும் உயர்த்துவதாக இல்லை. ஆகவே காலையிலிருந்து அவள்தான் நடந்துகொண்டிருந்தாள். கூரையிலிருந்து சமையலறை வழியாகப் படுக்கையறை, அங்கிருந்து மறுபடி கூரை. லாண்டரியில் நாள் முழுக்க நின்று விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட கால்கள் அவை. நிற்கப் பழகியவை. இன்று நடப்பதுதான் அலுத்தது.

படுக்கையில் அவர் கண்ணை மூடியிருந்தார். முகம் வற்றிப்போய்விட்டது, பாதங்கள் மட்டும் வேறு யாருடையவோ போல வீங்கிப் போர்வைக்கு வெளியே கிடந்தன.

“வலது பக்கமா கொண்டுபோறானாம்.”

“ம்.”

யோசிக்கிறார். யோசிக்கும்போது கட்டைவிரல் நடுவிரலின் நுனியைத் தேய்க்கும். செட்டுப் பல் செய்த விரல்கள். ‘தெருவுல பாதிப் பேர் நான் செஞ்ச பல்லாலதான் என்னையே பாத்துச் சிரிக்கிறாங்க’ என்பார். சொல்லும்போது அவர் சிரிக்க மாட்டார்.

“நடுவுல தொங்கக் கூடாது” என்றார். “முழத்துக்கு ஒரு கிளிப் போடச் சொல்லு.”

“யார்கிட்ட?”

“உன் தம்பிகிட்ட.”

மெஷினில் படுத்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருவது போதும் என்று அவரே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க” என்றார். என்ன பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். “உன் தம்பியைக் கூப்பிடு. அந்தப் பெட்ரோல் லைனை மாத்தணும்.”

அவள் முதலில் பிதற்றுகிறார் என்றே நினைத்தாள். மறுநாளும் அதையேதான் சொன்னார்.

பிள்ளை இல்லாத வீடு. ‘எங்க மூத்தவனுக்கு நாலு சக்கரம்’ என்று அக்கம்பக்கத்தில் அவளே சொல்வதுண்டு. வட்ட விளக்குகளும் அகலமான முன்முகமுமாக அந்தக் கார் அவர்களுடைய கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்துவிட்டது. அவர் பானெட்டைத் திறந்தால் டார்ச் பிடிப்பது அவள் வேலை. பிடித்துப் பிடித்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது அவளுக்கும் தெரிந்துபோனது. காருக்கு ஒரு குணக்கேடு இருந்தது. வெயில் ஏறி எஞ்சின் சூடானால் நின்றுவிடும். குழாயில் வரும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகிப் பம்ப் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். ஈரத்துணியைச் சுற்றிவைத்துக் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். அவருக்கு அது குறையாகவே படவில்லை. “மூச்சு வாங்குது, விடு” என்பார்.

அவளுடைய அம்மா இறந்த அன்று அது மேட்டுச் சாலையில் மூச்சு வாங்கியது. பஸ் ஒன்று வந்தது. கையைக் காட்டட்டுமா என்றாள். இந்தா கிளம்பிடும் என்றார். அடுத்த பஸ்ஸும் போனது. கிளம்பியது, மறுபடி நின்றது. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டு வாருங்கள் என்று அவளும் கத்தவில்லை. போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். கழுவிவிட்ட தரையில் ஈரம் மட்டும் இருந்தது. வாசலில் நின்ற தம்பி அவரைப் பார்க்காமல் அவளிடம் சொன்னான்: “இந்தத் தகரத்தையே கட்டிக்கிட்டு அழச் சொல்லு உங்க வீட்டுக்காரரை.”

அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. லாரி ரிப்பேர் ஷெட்டில் வேலை முடிந்து போகிற வழியில் லாண்டரி வாசலில் வந்து நின்று அக்காவைப் பார்த்துவிட்டுப் போவான். அவர் சௌக்கியமா என்று கேட்க மாட்டான். அவரும் அவன் வந்தானா என்று கேட்க மாட்டார்.

இன்று கூப்பிட்டதும் வந்துவிட்டான். பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு நேரே காரிடம் போனான். உள்ளே வா என்றாள். “கையெல்லாம் அழுக்கு” என்றான். அப்போது அவன் எதையும் தொட்டிருக்கவில்லை.

டேங்கிலிருந்த பெட்ரோலை வடித்து, கேனைக் கொண்டுபோய் வேலியோரம் வைத்தான். பழைய குழாயைக் கழற்றி இழுத்தபோது அது துருவை உதிர்த்துக்கொண்டே வந்தது. ரப்பர் இணைப்புகளை விரலால் மடக்கிப் பார்த்தான். மண் தரை போல வெடித்திருந்தன.

“இதை வச்சுகிட்டா ஓட்டிட்டிருந்தார்? தீப்பிடிக்காதது உங்க அதிர்ஷ்டம்.”

புதுக் குழாயை வளைக்க உருண்டையாக ஏதாவது வேண்டும் என்றான். அவருக்குக் கரைத்துக் கொடுக்கும் சத்து மாவின் டின்னை அவள் கொண்டுவந்தாள். டின்னைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு, குழாய் நசுங்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைத்தான். லாரிக்காரன் கைக்கு அத்தனை பொறுமை இருக்குமென்று அவள் நினைத்ததில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றான் தலையைத் தூக்காமல். “இப்ப எதுக்கு இது? இனிமே யார் ஓட்டப் போறாங்க?”

அதையும் அவள் உள்ளே கொண்டுபோனாள். கொஞ்சம் மாற்றித்தான் கேட்டாள். “இப்பவே செய்யணுமான்னு கேக்கறான்.”

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று அவள் திரும்பியபோது சொன்னார்:

“அன்னைக்கே மாத்தியிருக்கணும்.”

சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு, “யார் ஓட்டினாலும் சரி. வழியில நிக்கக் கூடாது” என்றார்.

அவள் பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அன்று என்றால் என்று என்று கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்கலாம். உதட்டோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“வழியில நிக்கக் கூடாதாம்” என்றாள் தம்பியிடம்.

அவன் டின்னைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினான். மறுமுனையில் காற்று வந்தது.

மதியம் அவருக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒருமுறை அவளை அவருடைய அக்கா என்று நினைத்துக்கொண்டு பேசினார். இன்னொரு முறை பல்லை மெழுகிலிருந்து எடுத்துவிட்டாயா என்று கேட்டார். எடுத்தாச்சு என்றாள். வெளியே ஸ்பேனர் சத்தம் வந்ததும் கண் தெளிந்தது.

“மச்சான் சாப்பிட்டானா?”

அவள் கையில் டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல நின்றாள்.

“என்னங்க?”

“மச்சான். சாப்பிட்டானான்னு கேளு.”

இம்முறை அவள் சமையலறையில் நிற்காமல் போனாள். காருக்கு அடியில் கிளிப்பை முறுக்கிக்கொண்டிருந்தான் தம்பி.

“மச்சான் சாப்பிட்டானான்னு கேக்கறார்.”

முறுக்கும் சத்தம் நின்றது. கால்களில் ஒன்று மடங்கி மறுபடி நீண்டது.

“சாப்பிட்டேன்னு சொல்லு.”

சாப்பிட்டிருக்கவில்லை. அவள் கொடுத்த தட்டு காரின் மூக்கருகே ஸ்டூலில் மூடியபடியே இருந்தது. அவள் திரும்பிப் போய்ச் சாப்பிட்டானாம் என்றாள். அவர் தலையை அசைத்த மாதிரி இருந்தது.

வெயில் சுவரைவிட்டு இறங்கும் வேளையில் தம்பி வெளியே வந்து பானெட்டுக்குள் குனிந்தான். கீழே போகிற குழாய் ஓரிடத்தில் மேலே ஏறிப் பம்பைச் சேர வேண்டும். அந்த இடத்தில்தான் நின்றான். கையால் அளந்து பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

“ரெண்டு வழி இருக்கு. பேட்டரிக்குக் கீழயா ஏத்தலாம், அது குறுக்கு வழி. இல்லைன்னா சக்கரத்துப் பக்கமா சுத்தி ஏத்தணும். அக்கா...” கையிலிருந்த துணியை ஒருமுறை திருப்பிப் பிடித்தான். “அத்தானை ஒரு வார்த்தை கேட்டுட்டு வா.”

அவள் சட்டென்று திரும்பிவிட்டாள், தன் முகத்தை அவன் பார்க்க வேண்டாமென்று.

“அத்தானைக் கேக்கச் சொல்றான்” என்று படுக்கையறை வாசலிலேயே சொன்னாள். “கேட்டீங்களா? அத்தானைக் கேக்கச் சொல்றான். பேட்டரிக்குக் கீழயா, சக்கரத்துப் பக்கமா?”

கட்டைவிரல் அசையவில்லை.

அருகே போனாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. நெஞ்சில் கை வைத்தாள். மூக்கருகே விரலை வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை கை வைத்தாள். அவர் உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாகத் தம்பி தொண்டையைக் கனைப்பது கேட்டது.

இதை வெளியே போய்ச் சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து வீடு அவளுடையதாக இருக்காது. போன் செய்ய வேண்டும். நாற்காலி போட வேண்டும். ஆள் ஆளாக வருவார்கள். எப்போது, எப்படி என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். கார் பாதியில் நிற்கும். அவர் வாயை மெல்ல மூடிவிட்டாள். போர்வையை இழுத்து அந்தப் பாதங்களை மூடினாள். எழுந்தாள்.

“என்ன சொன்னார்?” என்றான் தம்பி.

“பேட்டரி பக்கம் வேண்டாம். பொறி பறக்கும்.” அவள் குரல் அவளுக்கே சாதாரணமாகக் கேட்டது. “சக்கரத்துப் பக்கமாவே ஏத்து. கல் அடிக்காம ஒரு தகடு வச்சுக்க.”

தம்பி குனிந்து பார்த்தான். “ஆமா. தகடு வச்சா சரியாப் போகும்” என்றான்.

தகடு வெட்டினான். துளை போட்டான். கடைசி இணைப்பை இறுக்கும்வரை அவள் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். இடையில் ஒருமுறை அவன், “நீ போய் அவர் பக்கத்துல இரு” என்றான். “பரவாயில்லை” என்றாள்.

பெட்ரோலை டேங்கில் ஊற்றியதும் அவளை உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னான். ஓட்டுபவரின் இருக்கை அவர் உடம்புக்குத் தக்கபடி அமுங்கியிருந்தது. எஞ்சின் இரண்டு மூன்று தடவை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. தம்பி ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தடவி விரலை முகர்ந்து பார்த்தான்.

“ஒழுகல.”

“நிறுத்தவா?”

“ஓடட்டும். சூடானாத்தான் தெரியும்.”

சூடாவதற்காகக் காத்திருந்தார்கள். அவன் மட்கார்டில் சாய்ந்து நின்றான். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கார் முழுக்க மெல்ல அதிர்ந்தது. வழக்கமாக நிற்கும் நேரம் வந்தது. எஞ்சினின் குரல் தாழும் என்று காத்திருந்தாள். தாழவில்லை. பானெட்டுக்கு மேல் காற்று வெயிலில் நெளிவது போல நெளிந்தது. அப்போதும் நிற்கவில்லை.

“போய் அத்தான்கிட்ட சொல்லு” என்றான் தம்பி. “நிக்கலன்னு சொல்லு.”

“நீயே போய்ச் சொல்லு.”

அவன் உள்பக்கம் பார்த்தான். பிறகு குழாயடிக்குப் போனான். சோப்பைப் போட்டு முழங்கைவரை கழுவினான். நகத்திடுக்கைக் குச்சியால் கிளறினான், மறுபடி கழுவினான். அவள் காரிலிருந்து இறங்கிக் கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

“முழிச்சிருக்காரா?” என்றபடி துண்டுக்காகக் கையை நீட்டியவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

துண்டை வாங்கிக்கொள்ளச் சிறிது நேரமாயிற்று.

“எப்ப?”

“நீ வழி கேட்டப்ப.”

“அப்ப அது?”

“நான்தான் சொன்னேன்.”

தம்பி ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துடைத்த விரலையே திரும்பவும் துடைத்தான்.

“அந்த வழிதான் சரி” என்றான்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி உள்ளே போனான். எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. நிறுத்தலாமென்று அவள் மறுபடி இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்து ஜன்னலின் திறந்த பாதி தெரிந்தது. தம்பி கட்டிலருகே நின்றான், பிறகு உட்கார்ந்தான். முதுகு வளைந்து தலை தாழ்ந்தது. வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை.

சாவியின் மேலிருந்த கையை அவள் எடுத்துவிட்டாள்.